நெல்லிக்கு ஒன்று, மாதுளைக்கு வேறொன்று: மரபுப் பன்மயம் அளக்க எந்த டிஎன்ஏ மார்க்கர்?

மருத்துவக் குணமுள்ள பழமரம் ஒன்றின் மரபுப் பன்மயத்தை அளக்கக் கிளம்பும் ஆய்வு மாணவர் முதலில் கேட்பது, "எந்த மார்க்கர் போடலாம்?" என்பதுதான். மார்க்கர் என்பது மரத்துக்கு மரம் மாறும் ஒரு டிஎன்ஏ அடையாளம். பெரும்பாலும் பதில் சொல்வது ஆய்வகத்தின் உறைபெட்டி. அதில் ராப்பிட் என்ற மார்க்கருக்கான பழைய பிரைமர்கள் (பெருக்க வேண்டிய இடத்தில் போய் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) கிடந்தால் ராப்பிட். போன மாணவர் வாங்கி மிச்சம் வைத்த ஐஎஸ்எஸ்ஆர் பிரைமர்கள் இருந்தால் ஐஎஸ்எஸ்ஆர். மரம் எப்படி இனப்பெருக்கம் செய்கிறது, அதற்கு எத்தனை மடி குரோமோசோம், நமக்கு வேண்டிய விடை என்ன என்பதெல்லாம் முடிவுகளை எழுத உட்காரும்போதுதான் நினைவுக்கு வருகின்றன. அதற்குள் இலையும் தீர்ந்திருக்கும், பணமும் தீர்ந்திருக்கும்.

என் கட்சி இதுதான்: எந்த மார்க்கர் உயர்ந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஒரு மரத்துக்குச் சரியாக வரும் மார்க்கர் இன்னொரு மரத்தில் தன் சிறப்பையே இழந்துவிடும். ஆகவே மரத்திலிருந்து தொடங்குவோம்.

மரம் முதலில்

மாதுளை எளிய ஆள். இருமடி (ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி), 16 குரோமோசோம்கள், சிறிய மரபணுத்தொகை (மொத்த டிஎன்ஏ). 2017 முதல் அந்தத் தொகை முழுவதும் வாசிக்கப்பட்டுக் கையில் இருக்கிறது. போத்து வைத்தே பெருக்குகிறார்கள் என்பதால் ஒரே மரம் பல பெயர்களில் உலவும் வாய்ப்பு அதிகம். அதை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

நெல்லி அப்படியல்ல. அதில் 98 முதல் 104 வரை குரோமோசோம்கள் பதிவாகியிருக்கின்றன. அடிப்படை எண்ணை 13 என்று கொண்டால் 104 என்பது எட்டுமடி. அதாவது மரபணுத்தொகையின் ஓர் இடத்தில் ஒரு மரம் எட்டு வெவ்வேறு அலீல்கள் (அந்த இடத்தின் மாற்று வடிவங்கள்) வரை வைத்திருக்கலாம். இருமடி உயிரிகளுக்காக எழுதப்பட்ட சூத்திரங்களையும் மென்பொருள்களையும் அப்படியே இதன் மேல் ஏற்ற முடியாது. போதாததற்கு, சாகுபடியில் இருக்கும் இரகங்கள் பல ஒன்றுக்கொன்று தாய் பிள்ளை உறவு. காஞ்சன் என்பது சகையாவின் நாற்றிலிருந்து தேர்ந்தெடுத்தது, கிருஷ்ணா பனாரசியின் நாற்று, என்ஏ-7 பிரான்சிஸின் நாற்று. இவற்றை வைத்து உறவுமுறை காட்டும் மரவரைபடம் போட்டுவிட்டு "நெல்லியில் பன்மயம் குறைவு" என்று எழுதினால், அளந்தது இரண்டு மூன்று குடும்பங்களைத்தானே தவிர நெல்லியை அல்ல.

மங்குஸ்தானில் விதை கருவுறாமலே உருவாகிறது. பத்து நாற்றுகளிலிருந்து இலை பறித்தாலும் அது ஏறத்தாழ ஒரே தாயைப் பத்து முறை பறித்ததுதான். நாவலில் ஒரு விதைக்குள் பல கருக்கள் இருக்கும், அவற்றில் சில தாயின் நகல். புளிப்புப் பழம் தரும் சீ பக்தார்ன் போன்றவற்றில் ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனி. இவை ஒவ்வொன்றும் புள்ளியியலின் அடிப்படை அனுமானங்களில் கை வைக்கின்றன.

இலையிலிருந்து டிஎன்ஏ வரை

மருந்துக் குணம் தரும் சேர்மங்களே ஆய்வகத்தில் எதிரிகளாகின்றன. நெல்லி இலையை அரைத்துச் சாதாரண முறையில் டிஎன்ஏ எடுத்தால் குழாயின் அடியில் வெள்ளையாகப் படிய வேண்டியது தேநீர் நிறத்தில் படியும். டானின் போன்ற பாலிஃபீனால்கள் காற்றுப்பட்டு ஆக்ஸிஜனேற்றம் அடைந்து டிஎன்ஏவோடு பிணைந்துகொண்டதன் அடையாளம் அது. பிசின் சத்து அதிகமுள்ள மரங்களில் வேறு தொல்லை: படிவு கரையாமல் சளிபோல பிப்பெட் முனையில் இழுபடும்.

இதற்கு, டிஎன்ஏ பிரித்தெடுக்கும் சிடிஏபி முறையில் ஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபியும் ஆக்ஸிஜனேற்றத்தைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனாலும் கூடுதலாகச் சேர்ப்பார்கள், உப்பின் அளவை உயர்த்துவார்கள், முற்றிய இலையை விட்டுக் கொழுந்தைப் பறிப்பார்கள். ஒளி உட்கவர் அளவில் 260/280 விகிதம் (எண்கள் நானோமீட்டரில் அலைநீளங்கள்) 1.8ஐ ஒட்டியிருப்பதோடு பலர் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் பிசினும் ஃபீனாலும் காட்டிக்கொடுப்பது 260/230இல்தான். அது 2ஐ நெருங்காமல் 1க்குக் கீழே கிடந்தால் டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் பிசிஆர் ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது.

இதை இவ்வளவு சொல்லக் காரணம், மார்க்கர்கள் எல்லாம் அழுக்கை ஒரே மாதிரி பொறுத்துக்கொள்வதில்லை. திரும்பத் திரும்ப வரும் சிறு வரிசைகளைப் பார்க்கும் எஸ்எஸ்ஆருக்கு ஒரு சிறு துண்டு பெருகினால் போதும் என்பதால் ஓரளவு தாங்கும். ஏஎஃப்எல்பி என்ற மார்க்கரும் ஜிபிஎஸ் என்ற வரிசைப்படுத்தல் முறையும், டிஎன்ஏவைக் குறிப்பிட்ட இடங்களில் வெட்டும் வெட்டுநொதியை நம்பியிருப்பவை. டிஎன்ஏ சுத்தமில்லாவிட்டால் வெட்டு அரைகுறையாக நிற்கும். அந்த அரைகுறையே மரங்களுக்கிடையிலான வேறுபாடுபோலத் தோன்றும்.

ராப்பிட், ஐஎஸ்எஸ்ஆர், ஸ்காட்: மலிவான மூவர்

மூன்றுக்கும் பொதுவான கவர்ச்சி, மரத்தின் மரபணு வரிசை எதுவும் முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை என்பது. பிசிஆர் கருவியும், பெருகிய துண்டுகளை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் அகரோஸ் ஜெல்லும் இருந்தால் போதும்.

ராப்பிட் 1990இல் வந்தது. பத்தே எழுத்துள்ள பிரைமரை 36 டிகிரி போன்ற தாழ்ந்த வெப்பத்தில் ஒட்டவிடுவார்கள். அவ்வளவு தளர்வான சூழலில் பிரைமர் அரைகுறைப் பொருத்தத்திலும் போய் ஒட்டிக்கொள்ளும். மெக்னீசியம் சற்று மாறினாலும், டிஎன்ஏ அளவு மாறினாலும், கருவி மாறினாலும் பட்டைகள் மாறும். 1997இல் ஐரோப்பிய ஆய்வகங்கள் சில சேர்ந்து ஒரே மாதிரிகளைப் பகிர்ந்து சோதித்தபோது ராப்பிட் முடிவுகளை ஒன்றுபோலத் திரும்பப் பெறுவது கடினமாக இருந்தது. ஏஎஃப்எல்பியில் ஒரேயொரு பட்டைதான் வேறுபட்டது. எஸ்எஸ்ஆர் எல்லாரிடமும் பெருகியது, அலீலின் அளவைக் குறிப்பதில் மட்டும் சிறு வேறுபாடுகள். இவ்வளவு காலம் கழித்தும் புதிதாக ஒரு பன்மய ஆய்வை ராப்பிட்டில் தொடங்குவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை. அதற்கு உரிய மரியாதை வேறிடத்தில் இருக்கிறது: சீ பக்தார்ன், பப்பாளி போன்றவற்றில் பாலினத்தோடு சேர்ந்து வரும் ராப்பிட் பட்டையைப் பிரித்தெடுத்து, வரிசை படித்து, நீண்ட பிரைமர் வடிவமைத்து உறுதியான ஸ்கார் மார்க்கராக மாற்றியிருக்கிறார்கள். பூக்கும்வரை காத்திருக்காமல் நாற்றிலேயே ஆண் பெண் பிரிக்க அது உதவுகிறது.

1994இல் அறிமுகமான ஐஎஸ்எஸ்ஆர் நீளமான பிரைமர், உயர்ந்த வெப்பம் என்பதால் ராப்பிட்டைவிட நிலையானது. 2009இல் வந்த ஸ்காட், மரபணுக்கள் தொடங்கும் ஏடிஜி குறியைச் சுற்றியுள்ள வரிசையைக் கொண்டு 18 எழுத்துப் பிரைமர்களை அமைத்து 50 டிகிரியில் ஓடுகிறது. இதைப் பயன்படுத்துபவர்கள் "மரபணுவைக் குறிவைக்கும் மார்க்கர், ஆகவே பயன்தரும் பண்புகளைக் காட்டும்" என்று எழுதிவிடுகிறார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. பட்டையை வெட்டியெடுத்து வரிசை படிக்கும்வரை அது எந்த மரபணுவை ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் மூவரில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஸ்காட்டையும் ஐஎஸ்எஸ்ஆரையும் சேர்த்தே ஓட்டச் சொல்வேன்.

மூன்றுக்கும் பொதுவான குறை, பட்டை இருக்கிறது அல்லது இல்லை என்பதற்குமேல் அவை எதுவும் சொல்லாது. இரண்டு பிரதியிலும் இருந்தாலும் ஒரு பட்டை, ஒன்றில் மட்டும் இருந்தாலும் அதே பட்டை. இது எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம்.

இருமடி மரம் ஒன்றில் 40 மரங்களுக்கு ஜெல் ஓட்டியாயிற்று. ஒரு பட்டை 30 மரங்களில் இருக்கிறது, 10இல் இல்லை. மரங்கள் தாராளமாக அயல்மகரந்தச் சேர்க்கை செய்கின்றன என்று வைத்துக்கொண்டால், பட்டையில்லாத அலீலின் நிகழ்வெண் 10/40இன் வர்க்கமூலம், அதாவது 0.5. மரபுப் பன்மயம் (தற்செயலாக எடுத்த இரண்டு பிரதிகள் வேறுபடும் வாய்ப்பு) 0.50. அதே மரங்கள் முழுக்கத் தன்மகரந்தச் சேர்க்கை செய்பவை என்றால் நிகழ்வெண் 0.25, பன்மயம் 0.375. பட்டையில்லாத அந்தப் பத்தும் ஒரே தாயிடமிருந்து ஒட்டுக்கட்டியவை என்று பிறகு தெரியவந்தால் அவை பத்து இல்லை, ஒன்று. அப்போது 31இல் 1, வர்க்கமூலம் 0.18, பன்மயம் ஏறத்தாழ 0.29. ஒரே ஜெல், மூன்று விடை. மென்பொருள் கேட்பது முதல் அனுமானத்தைத்தான், அதையும் பல நேரம் கேட்காமலே எடுத்துக்கொள்ளும்.

பட்டையைப் படிப்பதிலும் சிக்கல் உண்டு. புற ஊதா விளக்கின் கீழ் 700 எழுத்து அளவில் மங்கலாக ஒரு கோடு தெரிகிறது. ஒன்றா, பூஜ்யமா? காலையில் பார்த்தால் ஒன்று, மாலையில் பார்த்தால் பூஜ்யம். இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஒப்பிட வேண்டும். மாதிரிகளில் பத்தில் ஒன்றையாவது இலையிலிருந்தே மறுபடி எடுத்து ஓட்ட வேண்டும். ஒரே மரம் இரண்டு முறை ஓடியதில் வரும் வேறுபாடு, இரண்டு இரகங்களுக்கிடையே வரும் வேறுபாட்டுக்குச் சமமாக இருந்தால் மரவரைபடத்தை வெளியிடாமல் இருப்பது நல்லது.

ஏஎஃப்எல்பி 1995இல் வந்தபோது இந்தக் குறைகள் பலவற்றைத் தீர்த்தது. ஒரே ஓட்டத்தில் ஐம்பது நூறு பட்டைகள் தரும், திரும்ப எடுத்தாலும் அப்படியே வரும். ஆனால் வேலை அதிகம், சுத்தமான டிஎன்ஏ வேண்டும், இத்தனைக்கும் பிறகு விடை மறுபடி ஒன்று, பூஜ்யம்தான். அந்த உழைப்பைப் போடத் தயார் என்றால் இன்று நேராக வரிசைப்படுத்தலுக்கே போய்விடலாம்.

எஸ்எஸ்ஆர்: அடையாளம் காண இதை விஞ்ச ஒன்றில்லை

ஒன்று முதல் ஆறு எழுத்துகள் வரையிலான சிறு வரிசை திரும்பத் திரும்ப வரும் இடங்கள் இவை. எத்தனை முறை திரும்புகிறது என்பது மரத்துக்கு மரம் மாறும். இரண்டு பிரதிகளும் தனித்தனியாகத் தெரியும். ஓர் இடத்தில் ஐந்து, பத்து அலீல்கள் சாதாரணம்.

இரகங்களைப் பிரித்தறிய இது எவ்வளவு பலமானது என்று பாருங்கள். ஓர் இடத்தில் சம நிகழ்வெண்ணில் ஐந்து அலீல்கள் இருந்தால், உறவில்லாத இரண்டு மரங்கள் தற்செயலாக ஒத்துப்போகும் வாய்ப்பு 0.072. தனித்தனியாக மரபுவழி இறங்கும் இப்படிப்பட்ட எட்டு இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் அந்த வாய்ப்பு 100 கோடியில் ஒன்றுக்கும் குறைவு. சேகரிப்புத் தோட்டத்தில் மூன்று பெயர்ப்பலகைகளோடு நிற்கும் மூன்று மாதுளைகள் எட்டு இடங்களிலும் ஒத்துப்போனால் அவை ஒரே மரத்தின் போத்துகள் என்று தயங்காமல் சொல்லலாம். உடன்பிறப்பு மரங்கள் கலந்திருந்தால் வாய்ப்பு உயரும், அப்போது இடங்களை இரட்டிப்பாக்கிக்கொள்ள வேண்டும்.

தொல்லைகளும் தெரிந்தவைதான். பிரைமர் ஒட்டும் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தால் ஓர் அலீல் பெருகாமலே போய்விடும். இரண்டு அலீல் உள்ள மரம் ஓர் அலீல் மரமாகத் தெரியும், கூட்டத்தில் உட்கலப்பு (உறவுக்குள் இனக்கலப்பு) இருப்பதாகத் தவறான முடிவு வரும். இரண்டெழுத்துத் திரும்பல்களில், துண்டின் நீளத்தைக் காட்டும் உண்மையான முகட்டுக்கு முன்னால் குட்டி முகடுகள் வரிசையாக நிற்கும், பழகாத கண் அவற்றையும் எண்ணிவிடும். ஓர் ஆய்வகத்தில் 152 என்று படிக்கப்பட்டது இன்னொன்றில் 154 ஆகும் என்பதால், ஒப்பிட வேண்டுமானால் பொதுவான சில மரங்களை இரண்டு இடத்திலும் ஓட்டியாக வேண்டும். ஓர் இனத்துக்காக வடிவமைத்த பிரைமர் அதே பேரினத்துக்குள் ஓரளவு வேலை செய்யும். குடும்பம் ஒன்றுதானே என்று எலுமிச்சைப் பிரைமர்களை வில்வத்துக்கு எடுத்துப் போனால் பெருகுவதே சில, பெருகியதிலும் வேறுபாடு காட்டுவது இன்னும் சில என்ற எதிர்பார்ப்போடு போக வேண்டும்.

நெல்லியில்தான் வேடிக்கை. எட்டுமடி மரத்தில் ஓர் எஸ்எஸ்ஆர் இடம் மூன்று முகடுகள் காட்டுகிறது என்று வையுங்கள். எட்டுப் பிரதிகளை அந்த மூன்று அலீல்களும் எப்படிப் பங்கிட்டுக்கொண்டன? ஆறு, ஒன்று, ஒன்றா? மூன்று, மூன்று, இரண்டா? முகட்டு உயரத்தை வைத்து ஊகிக்கலாம், நம்ப முடியாது. முடிவில் பெரும்பாலோர் ஒவ்வோர் அலீலையும் இருக்கிறது, இல்லை என்றே பதிவு செய்கிறார்கள். அதாவது கூடுதல் பணம் கொடுத்து எஸ்எஸ்ஆர் வாங்கி, ஐஎஸ்எஸ்ஆர் தரும் அதே வகைத் தரவைப் பெறுகிறோம். இரகம் அடையாளம் காண அப்போதும் அது சிறந்ததுதான், கைரேகைபோல் ஒப்பிட்டால் போதும். ஆனால் உட்கலப்பு எவ்வளவு, எதிர்பார்த்த பன்மயம் எவ்வளவு என்று இருமடிச் சூத்திரங்களைப் போட்டுப் பட்டியல் கொடுப்பது தவறு.

ஸ்நிப்: ஆயிரக்கணக்கில் கிடைக்கும், ஆனால் ஆழம் வேண்டும்

2011இல் வந்த ஜிபிஎஸ், அதற்கு முன் 2008இன் ரேட்-செக், இரண்டும் வெட்டுநொதியால் மரபணுத்தொகையின் ஒரு பகுதியை மட்டும் பிரித்தெடுத்து வரிசைப்படுத்துகின்றன. முன்கூட்டி எதுவும் தெரியாத மரத்திலும் ஆயிரக்கணக்கான ஸ்நிப்கள் (ஓர் எழுத்து மட்டும் மாறும் இடங்கள்) கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டே அலீல் என்றாலும் எண்ணிக்கையே ஈடுகட்டிவிடும். காட்டுக் கூட்டங்களுக்கிடையே பரிமாற்றம் உண்டா, ஓர் இரகம் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது, ஒரு கூட்டம் எப்போதாவது சுருங்கியதா போன்ற கேள்விகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஏமாறும் இடம் ஆழத்தில், அதாவது ஓரிடம் எத்தனை முறை படிக்கப்படுகிறது என்பதில். இருமடி மரத்தில் இரண்டு அலீல்கள் இருக்கும் ஓரிடம் நான்கு முறை மட்டும் படிக்கப்பட்டால், நான்கும் ஒரே அலீலாகவே வந்துவிடும் வாய்ப்பு எட்டில் ஒன்று. எட்டு முறை படித்தால் 128இல் ஒன்று. காசை மிச்சம் பிடிக்க ஒரே ஓட்டத்தில் மரங்களைத் திணித்தால் ஒவ்வொன்றின் ஆழமும் குறையும், இரண்டு அலீல் மரங்கள் ஓர் அலீல் மரங்களாக மாறும், பன்மயம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். எட்டுமடியில் எத்தனை பிரதி என்று பிரித்தறிய இதைவிடப் பல மடங்கு ஆழம் வேண்டும். ஆனால் எஸ்எஸ்ஆரில் சுலபமாகக் கிடைக்காத பிரதி எண்ணிக்கை இங்கே பணம் போட்டால் கிடைக்கும். நெல்லிக்கு நான் ஸ்நிப் பக்கம் சாய்வதற்கு அதுவே காரணம்.

கணினி வேலையைத் தெரிந்தவர் குழுவில் இல்லாவிட்டால் இதில் இறங்க வேண்டாம். வடிகட்டும் வரம்புகளை மாற்றினால் முடிவும் மாறும் என்பது அனுபவமில்லாதவருக்குத் தெரியாது.

தாவர பார்கோடு என்று 2009இல் பரிந்துரைக்கப்பட்ட ஆர்பிசிஎல், மேட்கே இரண்டையும் பன்மய ஆய்வுப் பட்டியலில் சேர்க்கிறார்கள். அவை இனத்தைச் சொல்லும், இனத்துக்குள் உள்ள வேறுபாட்டை அநேகமாகச் சொல்லாது. காய்ந்த பழப் பொடியில் கலப்படம் பார்க்கப் போதும்.

பிஐசி எண்ணை வைத்து மார்க்கர்களை ஒப்பிடாதீர்கள்

ஒப்பீட்டுக் கட்டுரைகளில் அடிக்கடி வரும் வாக்கியம்: ஐஎஸ்எஸ்ஆரின் சராசரி பிஐசி (ஒரு மார்க்கர் எவ்வளவு வேறுபாடு காட்டுகிறது என்ற அளவு) 0.3, எஸ்எஸ்ஆரின் சராசரி 0.7, ஆகவே எஸ்எஸ்ஆர் சிறந்தது. இருக்கிறது, இல்லை என்ற தரவுக்குப் பொதுவாகப் போடும் சூத்திரத்தில் அதிகபட்சமே 0.5. பத்து அலீல் உள்ள எஸ்எஸ்ஆர் இடம் 0.9 வரை போகும். உச்சவரம்பே வேறான இரண்டு அளவுகோல்களை அருகருகே வைத்து உயரம் பார்ப்பதில் பொருளில்லை. அதே மரங்களை இரண்டு மார்க்கராலும் அளந்து, மரங்களுக்கிடையிலான மரபுத் தொலைவுகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே உருப்படியான ஒப்பீடு.

நான் முடிவெடுத்தால்

சேகரிப்பில் உள்ள இரகங்களைச் சரிபார்க்க வேண்டும், மரம் இருமடி, பிரைமர்கள் ஏற்கெனவே உண்டு என்றால் எட்டு முதல் பதினைந்து எஸ்எஸ்ஆர். யாரும் தொடாத மரம், கையில் சிறு தொகை, காட்டில் எங்கெங்கே இருந்து சேகரிப்பது என்று தீர்மானிக்க ஒரு முதல் பார்வை மட்டும் வேண்டும் என்றால் ஸ்காட்டும் ஐஎஸ்எஸ்ஆரும், ஆனால் தொலைவுக் கணக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். காட்டுக் கூட்டங்கள், பாதுகாப்பு, பன்மடி மரங்கள் என்றால் ஜிபிஎஸ் அல்லது ரேட்-செக், மரங்களைக் குறைத்தாவது ஆழத்தைக் கூட்டி.

காட்டுக் கூட்டத்தில் இலை பறிக்கும்போது பெரிய மரங்களோடு நின்றுவிட வேண்டாம். பழமரங்கள் பல பத்தாண்டுகள் வாழ்பவை. காடு துண்டானதும் பழங்களை மொத்தமாக அறுவடை செய்ததும் நேற்றைய கதையாக இருக்கலாம், மூத்த மரங்களோ அதற்கு முந்தைய காலத்தின் பன்மயத்தைச் சுமந்து நிற்கும். கன்றுகளைத் தனிக் குழுவாக எடுத்து மூத்தவற்றோடு ஒப்பிட்டால்தான் சரிவு தெரியும். எந்த மார்க்கராக இருந்தாலும் இதைச் செய்யாத ஆய்வு, "பன்மயம் நன்றாகவே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போகும்.

இனி, மாணவர்கள் உண்மையில் தேடுவது மருந்துச் சேர்மம் அதிகமுள்ள மரம் என்றால், மேலே சொன்ன எதுவும் அதை நேராகக் காட்டாது. இந்த மார்க்கர்களில் பெரும்பாலானவை எந்தப் பண்பையும் கட்டுப்படுத்தாத இடங்களில் விழுபவை. நெல்லியின் வைட்டமின் சி அளவு பழத்தின் முதிர்ச்சி, மண், பருவம் எல்லாவற்றோடும் சேர்ந்து மாறும். மரவரைபடத்தில் ஒரு கிளையில் அமர்ந்த மரங்கள் வேதியியலில் சிதறிக் கிடப்பது வழக்கம். அந்தக் கேள்விக்கு மார்க்கர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது, வெவ்வேறு இடத்து மரங்களின் ஒட்டுகளை ஒரே நிலத்தில் ஒரே பராமரிப்பில் நட்டு, ஒரே முதிர்ச்சியில் பழம் பறித்துப் பல பருவங்கள் அளப்பது. அங்கேயும் நிலைத்து நிற்கும் வேறுபாட்டைத்தான் ஸ்நிப்களோடு பொருத்திப் பார்க்க முடியும். அதற்குச் சில நூறு மரங்களும் பல ஆண்டுகளும் தேவைப்படும் என்பதால், முனைவர் பட்டத்துக்கான காலக்கெடுவுக்குள் இரண்டையும் செய்வதாக எழுதிக் கொடுக்காமல், ஏற்கெனவே அப்படி ஒரு தோட்டம் வைத்திருப்பவரோடு சேர்ந்துகொள்வது நடக்கிற காரியம்.